எழுதியாயிற்று, இனி திருத்தலாம்

சிறுகதை எழுதப் பழகுகிறவர்கள் பலர், எழுதி முடித்த அன்றே அதைப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறார்கள். மின்னஞ்சல் வந்தபிறகு தபால்தலை ஒட்டுகிற நேரத்துத் தயக்கம்கூட இல்லை. அனுப்பாதீர்கள். கையில் இருப்பது வரைவுதான். கதையாவதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

முதல் வரைவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திரும்பிப் பார்க்காமல் கடைசிவரை எழுதிவிடுங்கள். நாயகியின் பெயர் பாதியில் மாறிப்போனாலும் பரவாயில்லை. முடித்ததும் பத்து நாள் அதைத் தொடாதீர்கள்.

அந்த நாட்களில் ஒரு நல்ல கதையைப் பென்சிலோடு படியுங்கள். கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ இதற்குத் தோதானது. குழந்தைகள் கூட்டமாக வந்து புத்தகம் கேட்டு அடிக்கும் கொட்டம், அந்தக் கூட்டத்தில் ஒருவனாகச் சாரங்கன். அவன் மனசு நமக்கு எந்தெந்த இடத்தில் தெரியவருகிறது என்று கோடிட்டுக்கொண்டே போங்கள். கடைசியில் அவன் டைரியை நீட்டும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது என்றால், அதற்கான வேலையெல்லாம் முன்பே சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கிறது. உங்கள் கோடுகள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இனி உங்கள் வரைவு. முடிந்தால் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரையில் கண் வழுக்கிக்கொண்டு போகும். முதலில் பார்க்கவேண்டியது தொடக்கம். பொழுது விடிகிறது, காபி வருகிறது, பேருந்து தாமதமாகிறது, இரண்டாம் பக்கத்தில்தான் ஏதோ நடக்கிறது. ஏதோ நடக்கிற அந்த வரியிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். முன்னால் இருந்ததில் அவசியமானது இரண்டு வரி தேறும். அதைப் பின்னால் எங்காவது செருகிக்கொள்ளலாம்.

அடுத்தது கொஞ்சம் நிதானமாகச் செய்யவேண்டிய வேலை. வரைவில் இப்படி ஓர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“வறுமை எவ்வளவு கொடியது என்று எண்ணியபடி, இனம்புரியாத வேதனையுடன், மகளின் கம்மலை அடகு வைக்கக் கடைக்குள் நுழைந்தாள் கமலம்.”

இதில் கமலமும் இல்லை, கடையும் இல்லை. எழுதியவரின் இரக்கம் மட்டும் இருக்கிறது. திருத்திய பிறகு:

“கம்மலைத் தராசில் போடப்போனவர் ஒரு திருகாணியை மட்டும் கழற்றி இந்தப் பக்கம் தள்ளினார். ‘இது பித்தளைம்மா.’ கமலம் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.”

வறுமை என்ற சொல்லே வரவில்லை. ஆனால் தங்கத் திருகாணி தொலைந்தபோது வேறு வாங்க முடியாமல் போனதும், இந்தப் பித்தளையைக்கூட விட்டுவர மனமில்லாததும் தெரிகிறது. இப்படிப்பட்ட விவரம் மேசையில் உட்கார்ந்து யோசித்தால் சுலபத்தில் கிடைக்காது. அடகுக்கடைக்குப் போய்வந்த யாரையாவது கேளுங்கள்: எப்படி உரசிப் பார்ப்பார்கள், கல்லுக்கு எவ்வளவு கழிப்பார்கள், சீட்டில் என்ன எழுதுவார்கள். பத்துத் தகவல் கிடைத்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். உரைகல், தராசு, சீட்டு, கல்லாப்பெட்டி எல்லாவற்றையும் அடுக்கினால் கமலம் மறுபடி காணாமல் போவாள்.

கையோடு ‘இனம்புரியாத’, ‘ஏனோ’, ‘ஒருவித’, ‘திடீரென்று’ ஆகிய சொற்களைத் தேடி அடியுங்கள். நூற்றுக்கு ஒன்றுதான் பிழைக்கத் தகுதியானது என்பது என் கட்சி.

பிறகு உரையாடல்களை வாய்விட்டுப் படியுங்கள். மனைவி கணவனிடம் மூன்று வரிக்கு மூச்சுவிடாமல் குடும்ப வரலாறு சொல்கிறாள் என்றால், அது வாசகருக்காகச் சொல்லப்படுவது. அந்தக் கணவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே! ‘என்றாள்’ போதும், ‘வினவினாள்’, ‘முழங்கினார்’ எல்லாம் வேண்டாம். வட்டார வழக்கை, காதில் கேட்டுப் பழகிய அளவுக்கு மட்டும் எழுதுங்கள். கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கு அகராதியே தொகுத்தவர்; அந்த மண்ணின் பேச்சு அவருக்குப் பிறப்போடு வந்தது. இரண்டு நாள் கோவில்பட்டியில் தங்கிவிட்டு வந்து அப்படி எழுத முயன்றால், நாடக வசனம் போலத்தான் ஒலிக்கும்.

முடிவுக்கு வருவோம். கடைசிப் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு, அதற்கு முந்தைய பத்தியோடு கதை நின்றால் என்ன குறைகிறது என்று பாருங்கள். பல சமயம் எதுவும் குறைவதில்லை. ‘புதுமைப்பித்தன் பொன்னகரம் கதையின் முடிவில் நேரடியாகவே பேசுகிறாரே’ என்று கேட்கலாம். பேசுகிறார்தான். ஆனால் கதை நாயகி அம்மாளு சந்துக்குள் போவதைக் கண்ணீர் சிந்தாமல் சில வரிகளில் சொல்லி முடித்துவிட்டுத்தான் நம் பக்கம் திரும்புகிறார். திரும்பியதும் உபதேசம் செய்வதில்லை, குத்துகிறார். அந்தக் குத்தல் உங்களுக்கு வருமானால் தாராளமாகப் பேசுங்கள்.

தலைப்பைக் கடைசியில் வையுங்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடும் தலைப்பு ஆகாது. பிறகு கதையை ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். இரண்டு நாள் கழித்து, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லும்போது ஒரு பாத்திரம் வரவே இல்லை என்றால், அந்தப் பாத்திரம் வரும் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி பென்சிலைச் சீவுங்கள்.