பழைய இயங்குதளமா, புதிய இயங்குதளமா?

மடிக்கணினியின் வன்பொருளுக்கும், நாம் அன்றாடம் கையாளும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்து நடத்துவது இயங்குதளம். விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரையில் தோற்றுவிப்பதும், கோப்பைச் சேமித்து வைப்பதும், அச்சுப்பொறிக்கு ஆணையிடுவதும் இதன் பணிகளாம். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இதன் புதிய பதிப்பு வெளிவருகிறது. அப்போதெல்லாம் கள அலுவலரும் ஆசிரியரும் ஒரு வினாவை எதிர்கொள்ள நேர்கிறது: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழையதைக் கைவிடலாமா? இதற்கு விருப்பு வெறுப்பைக் கொண்டு விடை காண்பதே பெரும்பாலும் வழக்கமாக உள்ளது. அளந்தறியத்தக்க சில சோதனைகளைக் கொண்டு விடை காண இயலும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இருப்புப் பாதை தரும் பாடம்

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடையே தேர்வு செய்யும் நிலை கணினிக்கு மட்டும் உரியதன்று. கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்த கார்டன் ரீச், 1955ஆம் ஆண்டு உருவான தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையிடமாகும். அக்காலத்தில் இந்தியாவில் மின்சார ரயில்கள் நேர் மின்னோட்டத்தில் ஓடின. பம்பாயில் 1925 முதலும், சென்னைக் கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931 முதலும் 1,500 வோல்ட்டு முறை வழங்கிற்று. 1957இல் ஹவுராப் பகுதியில் 3,000 வோல்ட்டு முறை வந்தது. அதே ஆண்டில், இனி 25,000 வோல்ட்டு மாறு மின்னோட்ட முறையை மேற்கொள்வதென ரயில்வே துறை முடிவு செய்தது. அம்முறையில் நாட்டின் முதல் ரயில் 1959இல் தென்கிழக்கு ரயில்வேயின் ராஜ்கர்சவான் – கேந்த்போசிப் பகுதியில் ஓடியது.

புதிய முறையின் சிறப்பு அளந்தறியத்தக்கது. ஒரே அளவு மின் திறனைக் கடத்தும்போது, மின்னழுத்தம் உயர உயர மின்னோட்டம் குறையும். ஆகையால் மெல்லிய கம்பிகள் போதுமானவை; துணை மின்நிலையங்களையும் தொலைவு தொலைவாக அமைக்கலாம். பழைய மின்னமைப்பு இல்லாத பாதையில் இதனை உடனே ஏற்க முடிந்தது. தாம்பரம் பாதை 1960களில் மாற்றப்பட்டது. ஆனால் ரயில்களும் சாதனங்களும் பெருகியிருந்த பம்பாயில் இம்மாற்றம் 2010களில்தான் நிறைவுற்றது. இடைக்காலத்தில் இரு முறைகளிலும் ஓடவல்ல ரயில்கள் அங்கே தேவைப்பட்டன.

இதிலிருந்து பெறும் கருத்து யாதெனில், புதியது மேலானதாயினும், அதனை எப்போது, எவ்வழியில் ஏற்பது என்பதை அவ்விடத்தில் ஏற்கெனவே உள்ள சாதனங்களே தீர்மானிக்கின்றன. எனினும் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. நன்கு பேணப்பட்ட பழைய மின்கம்பி, தன் கடமையை முன்போலவே செய்யும். இயங்குதளத்தின் நிலை அத்தகையதன்று. அதிலுள்ள குறைகளைத் தீயோர் இடைவிடாது தேடிக்கொண்டே இருக்கின்றனர். ஆகவே, யாதொரு மாறுதலும் செய்யாமல் வைத்திருந்தாலும், பராமரிப்பு நின்ற இயங்குதளம் நாளுக்கு நாள் பாதுகாப்புக் குன்றுகிறது.

ஆதரவுக் காலம்

கண்டறியப்பட்ட குறைகளைச் சரிசெய்து, தயாரிப்பாளர் அவ்வப்போது அனுப்புவதே பாதுகாப்புத் திருத்தம். இத்திருத்தம் கிடைக்கும் காலத்தை ஆதரவுக் காலம் என்கிறோம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு இது 2014 ஏப்ரல் 8ஆம் நாளிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளிலும் முடிவுற்றது. கடைசியாகக் கூறியதற்குச் சில நிபந்தனைகளின் பேரில் நீட்டித்த திருத்தங்கள் உண்டு. அவை இடைக்கால ஏற்பாடே.

இதன் இன்றியமையாமையை 2017ஆம் ஆண்டு உலகம் உணர்ந்தது. அவ்வாண்டு மே 12ஆம் நாள் 'வானாக்ரை' என்னும் தீநிரல் பரவிற்று. அது கோப்புகளைப் பூட்டி, விடுவிக்கப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்திற்கு மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. மேற்கு வங்கத்தில் மாநில மின் பகிர்மான நிறுவனத்தின் சில அலுவலகங்களும், கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகங்களும் அவற்றுள் அடங்கும்.

இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை மிகப் பழைய எக்ஸ்பி கணினிகள் அல்ல. அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளே. அக்குறைக்கான திருத்தம் மார்ச் 14ஆம் நாளிலேயே, அதாவது ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னரே, வெளியாகிவிட்டது. அதனை ஏற்காதிருந்தவையே வீழ்ந்தன. எனவே ஆதரவுள்ள பதிப்பைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. திருத்தங்களைக் காலந்தாழ்த்தாது ஏற்பது மறு பாதி.

மூன்று சோதனைகள்

முதற் சோதனை: ஆதரவு எந்நாள் வரை? இணையத்தோடு இணைக்கப்படும் கணினியில், ஆதரவு முடிந்த இயங்குதளம் எவ்வளவு விரைவாக ஓடினும் அதனைத் தள்ளிவிடல் வேண்டும். மாணவர் மதிப்பெண்ணோ, கிராமக் கணக்கெடுப்புப் படிவமோ உள்ள கணினிக்கு இவ்விதி இரட்டிப்பாகப் பொருந்தும்.

இரண்டாம் சோதனை: கணினியின் உடல் தாங்குமா? 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 64 பிட் செயலி, 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் சேமிப்பகம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி ஆகியவற்றைக் குறைந்த அளவாகக் கோருகிறது. நடைமுறையில் தடங்கலின்றிப் பணிபுரிய 8 ஜிகாபைட் நினைவகம் நலம். 2011 முதல் தமிழ்நாட்டு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளுள் தொடக்க காலத்தது ஒன்று இன்றும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்குமாயின், இந்நிபந்தனைகளை அது நிறைவு செய்யாது. அதனால் அதனை எறிந்துவிட வேண்டும் என்பதில்லை. லினக்ஸ் வகை இயங்குதளங்களுள் எளியவை, குறைந்த நினைவகத்திலும் ஓடும்; அவற்றுக்குத் திருத்தங்களும் விலையின்றிக் கிடைக்கும். உபுண்டு 24.04 பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டு வரும் 'பாஸ்' இயங்குதளமும் இவ்வகையைச் சார்ந்ததே.

மூன்றாம் சோதனை: கருவிகளும் மென்பொருள்களும் ஒத்துழைக்குமா? பழைய அச்சுப்பொறி, மண் ஆய்வுக் கருவி, நில அளவைக் கருவி ஆகியவற்றுக்கு உரிய இயக்கி நிரல் புதிய பதிப்புக்குக் கிடைக்காமற் போகலாம். 16 பிட் காலத்து மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்கா. இத்தகைய கருவியைக் கைவிட இயலாதாயின், அதற்கென ஒரு பழைய கணினியை இணையத்தோடு இணைக்காமல் தனித்து வைத்துக்கொள்வதே தக்க வழி. அதற்குச் செல்லும் பென் டிரைவை ஒவ்வொரு முறையும் சோதித்தல் வேண்டும்.

மாற்றுவதற்கு முன்

கோப்புகள் அனைத்தையும் இரண்டு தனி இடங்களில் படியெடுத்து, அப்படிகள் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பழையதை அழிக்கலாம். தமிழ்க் கோப்புகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஒருங்குறி பரவுவதற்கு முன் தட்டெழுதியவை, குறிப்பிட்ட எழுத்துருவோடு பிணைக்கப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத புதிய கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்கு முற்பட்ட பள்ளிப் பதிவுகள் இருப்பின், பழைய கணினி ஓடும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடுதல் நன்று.

வகுப்பறைப் பயிற்சி

பள்ளியிலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் மாணவர் ஓர் அட்டவணை தயாரிக்கட்டும். இயங்குதளத்தின் பெயர், பதிப்பு எண், ஆதரவு முடியும் நாள், நினைவக அளவு, கடைசியாகத் திருத்தம் ஏற்ற நாள் என ஐந்து நிரல்கள் போதும். முதல் நான்கு நிரல்களைக் கொண்டு ஒவ்வொன்றையும் வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, தனித்து வைப்பதா என அவர்களே முடிவு கூறட்டும். லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை, கணினியில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிக் காட்டலாம். உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு இதனால் மாறுதல் நேராது.

ஐந்தாம் நிரலை ஆசிரியர் தாமே பார்வையிடுதல் நலம். அதில் பல மாதங்களுக்கு முந்திய நாள் காணப்படுமாயின், புதிய இயங்குதளத்தைத் தேடுவதற்கு முன், இருப்பதற்குரிய திருத்தங்களை அன்றே ஏற்கச் செய்க.