ஆங்கிலம் பழகுவோம்: வருத்தம், ஏக்கம், விருப்பம்

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, "அடடா, வட்டி எவ்வளவுன்னு கேட்டிருக்கலாமே" என்று வருந்துகிறோம். இதற்கு ஆங்கிலத்தில், "ஐ விஷ் ஐ ஹேட் ஆஸ்க்டு." 'ஹேட் ஆஸ்க்டு' என்று வந்தால் முடிந்துபோன காரியம்.

"எனக்கு இங்கிலீஷ் தெரிஞ்சா நல்லா இருக்குமே" என்பது இன்றைய ஏக்கம். "ஐ விஷ் ஐ நியூ இங்கிலீஷ்." 'நோ' அல்ல, 'நியூ'. சொல் இறந்தகாலம், ஏக்கம் இன்றையது. நம்ம 'தெரிஞ்சா'வும் அப்படித்தானே!

"மாதத் தவணையே எனக்கு வசதி" என்ற விருப்பத்துக்கு, "ஐ வுட் ப்ரிஃபர் மந்த்லி இன்ஸ்டால்மென்ட்ஸ்."

வங்கியில் கேட்க, "ஐ வுட் லைக் டு நோ தி இன்ட்ரஸ்ட் ரேட்." இது 'ஐ வான்ட்' என்பதைவிட மரியாதை.

அடுத்த கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தமிழிலும் கேட்கலாம், தப்பே இல்லை. கையெழுத்துக்கு முன்னே கேட்டால், பின்னே 'ஐ விஷ்' தேவைப்படாது!