12.6 வோல்ட் இருந்தும் நங்கூரம் ஏன் மேலே வரவில்லை?

பங்கோர் தீவின் ஓரத்தில், மேற்குப் பக்கம் திறந்த ஒரு விரிகுடாவில் பாய்மரப் படகு ஒன்று நங்கூரமிட்டு நிற்பதாக வைத்துக்கொள்வோம். விடியற்காலை 5 மணி. மேற்கு வானத்தில் மின்னல் வெட்டுகிறது. மலாக்கா நீரிணையில் 'சுமத்ரா' என்று அழைக்கப்படும் திடீர்ப் புயற்காற்று பெரும்பாலும் இந்த நேரத்தில்தான், அந்தத் திசையிலிருந்துதான் வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. அது வந்து சேர்வதற்குள் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு கரையை விட்டு விலகிப் போய்விட வேண்டும். தாமதித்தால் காற்று படகைப் பாறைகள் மீது தள்ளிவிடும்.

படகுக்காரர் முன்தளத்தில் உள்ள பொத்தானைக் காலால் அழுத்துகிறார். 'டக்' என்று ஒரு சத்தம். மோட்டார் முனகுகிறது. சங்கிலி நத்தை வேகத்தில் ஏறுகிறது. பாரம் கூடியதும் நின்றுவிடுகிறது. மின்கலனை அளந்து பார்த்தால் 12.6 வோல்ட், அதாவது முழுமையாக மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் மின்கலன். பியூஸ் எரியவில்லை. கம்பி எங்கும் அறுந்திருக்கவில்லை. பிறகு எங்கே கோளாறு?

நங்கூரத்தைத் தூக்கும் இந்த மின்பொறியைக் கடலோடிகள் 'விண்ட்லாஸ்' என்பார்கள். பல் வைத்த சக்கரம் ஒன்று சங்கிலியைக் கவ்வி இழுக்கும். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுச் சங்கிலி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ எடை. 50 மீட்டர் சங்கிலி என்றால் 115 கிலோ. நங்கூரத்தின் எடை தனி. கையால் திருகும் நெம்புகோலும் பல விண்ட்லாஸ்களில் உண்டு. புயல் நெருங்கும்போது அதைத்தான் பயன்படுத்த வேண்டும். மல்டிமீட்டரை எடுத்து ஆராய அது நேரமில்லை. ஆராய்ச்சியைக் காற்றில்லாத ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு மின்னோட்டம்?

விண்ட்லாஸ் மோட்டாரின் திறன் 1000 வாட் என்று கொள்வோம். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். 1000-ஐ 12-ஆல் வகுத்தால் 83 கிடைக்கும். கணக்கு எளிதாக இருக்க 80 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். இது எவ்வளவு பெரியது தெரியுமா? நம் வீட்டு மூன்று முனை பிளக்கின் உள்ளே இருக்கும் பெரிய பியூஸ்கூட 13 ஆம்பியருக்கு உரியதுதான். 2000 வாட் கெண்டிகூட 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். படகில் மின்னழுத்தம் குறைவு. ஆகவே அதே வேலைக்கு மின்னோட்டம் பல மடங்கு வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாத் தொல்லைக்கும் வேர் இதுதான்.

மேலும், மின்கலன் படகின் பின்பக்கம், எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும். விண்ட்லாஸ் இருப்பதோ முன்முனையில். இடையே 10 மீட்டர் என்றால், போய் வருவதற்கு 20 மீட்டர் கம்பி. 35 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செப்புக் கம்பியின் 20 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.01 ஓம். 80 ஆம்பியர் ஓடும்போது ஓம் விதிப்படி 80 × 0.01 = 0.8 வோல்ட் கம்பியிலேயே இழக்கப்படும். இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பணத்தை மிச்சம் பிடிக்க 10 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால் இழப்பு 2.7 வோல்ட்டைத் தாண்டும், கம்பியும் சூடேறும்.

'டக்' சத்தம் சொல்லும் செய்தி

காலால் அழுத்தும் சிறிய பொத்தான் வழியாக 80 ஆம்பியரை விட முடியாது, கருகிவிடும். அதனால் இரண்டு மின்சுற்றுகள் இருக்கின்றன. பொத்தான் ஒரு சிறிய மின்னோட்டத்தை ஒரு கம்பிச்சுருளுக்கு அனுப்புகிறது. சுருள் மின்காந்தமாகி, கனமான செப்புத் தொடுமுனைகளை இழுத்து ஒட்டவைக்கிறது. அதன் பிறகே பெரிய மின்னோட்டம் மோட்டாருக்குப் போகிறது. மின்காந்தவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் ரிலேயின் பெரிய அண்ணன் இது.

ஆக, 'டக்' சத்தம் கேட்காவிட்டால் சிறிய சுற்றில்தான் முதலில் தேட வேண்டும். பொத்தானின் ரப்பர் மூடி வெயிலில் வெடித்து உள்ளே உப்புநீர் புகுந்திருக்கலாம். சத்தம் கேட்கிறது, ஆனால் மோட்டாருக்கு வலுவில்லை என்றால் பெரிய சுற்றைப் பார்க்க வேண்டும். நம் படகில் நடந்தது இரண்டாவது.

மீட்டர் ஏன் ஏமாற்றுகிறது?

மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளக்கும்போது அதன் வழியே மிகமிகக் குறைந்த மின்னோட்டமே ஓடுகிறது. பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்தடை 1 கோடி ஓம். 12.6 வோல்ட்டுக்கு ஓடுவது ஒரு மைக்ரோஆம்பியர் சொச்சம்தான். வழியில் துருப்பிடித்த இணைப்பு ஒன்று 0.046 ஓம் தடையுடன் உட்கார்ந்திருந்தாலும், அந்த மின்னோட்டத்திற்கு ஏற்படும் இழப்பு ஒரு கோடியில் ஒரு பங்கு வோல்ட்டைக்கூட எட்டாது. ஆகவே பொத்தானை அழுத்தாமல் அளந்தால் எல்லா இடத்திலும் 12.6 என்றே காட்டும். அடைத்துப்போன தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். குழாயை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தமானி முழு அழுத்தத்தையே காட்டும், திறந்தால்தான் சொட்டுவது தெரியும்.

சரி, மின்தடையையே நேராக அளந்துவிடலாமே என்று கேட்பீர்கள். சாதாரண மல்டிமீட்டரின் சோதனைக் கம்பிகளுக்கே 0.1 ஓம் அல்லது அதற்கு மேல் தடை உண்டு. 0.046 ஓமை அது பிரித்துக் காட்டாது. வீட்டுத் தராசில் ஒரு மணி அரிசியை நிறுத்துப் பார்ப்பதைப் போன்றது அது.

இதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்கலாம். இரண்டு 1.5 வோல்ட் மின்கலன்கள், 2.5 வோல்ட் டார்ச் பல்பு ஒன்று, 10 ஓம் மின்தடையம் ஒன்று ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு, அது இருந்த இரு முனைகளில் மீட்டரை வையுங்கள். ஏறக்குறைய 3 வோல்ட் காட்டும். பல்பைப் பொருத்தி அதே முனைகளில் மீண்டும் அளந்தால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த 10 ஓம்தான் நம் 'துரு'.

தொலைந்த வோல்ட்டைத் தேடுதல்

இப்போது படகுக்குத் திரும்புவோம். எஞ்சின் ஓடினால் அதன் மின்னாக்கி மின்னழுத்தத்தை 14 வோல்ட் அளவுக்கு உயர்த்திவிடும். சோதனைக்காக அதை நிறுத்தி வைக்கிறோம். இருவர் வேண்டும். ஒருவர் பொத்தானை அழுத்திச் சங்கிலியைப் பாரத்தோடு இழுக்க வைக்க, மற்றவர் அந்தச் சில விநாடிகளுக்குள் அளக்க வேண்டும். சங்கிலிப் பக்கம் கை போகக் கூடாது, விரலைத் துண்டித்துவிடும்.

முதலில் மின்கலனின் முனைகள்: 12.6-லிருந்து 11.9-க்கு இறங்குகிறது. இது மின்கலனின் அகத்தடையால் வருவது, கவலைப்பட வேண்டியதில்லை. அடுத்து மோட்டாரின் முனைகள்: 7.3 வோல்ட். இடையில் 4.6 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. மோட்டார் ஏன் முனகியது என்பது இப்போது புரியும். இத்தகைய மோட்டாரில் பாரம் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது. மின்னழுத்தம் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அதே பாரத்துக்கு அதே 80 ஆம்பியர் ஓடுகிறது, வேகம் மட்டும் விழுந்துவிட்டது.

இனி மீட்டரின் ஒரு முனையை மின்கலனின் நேர்முனையிலும் மறுமுனையை மோட்டாரின் நேர்முனையிலும் வைத்து, பொத்தானை அழுத்தினால் 0.5 வோல்ட். நேர்க் கம்பியும் ரிலேயும் நலம். அடுத்தது எதிர்ப் பக்கம். பலர் இதைச் சோதிப்பதே இல்லை. மின்சாரம் 'போகும்' கம்பியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் கம்பியை மறந்துவிடுகிறார்கள். மோட்டாரின் எதிர்முனைக்கும் மின்கலனின் எதிர்முனைக்கும் இடையே 4.1 வோல்ட்! 0.5-உம் 4.1-உம் சேர்ந்தால் 4.6. கிர்க்காஃப் விதிப்படி கணக்கு நேராகிவிட்டது. எதிர்க் கம்பியைத் துண்டு துண்டாகப் பிரித்து அளந்தால், ஒரே ஓர் இணைப்பின் இரு பக்கமும் 3.7 வோல்ட் நிற்கிறது.

3.7 × 80 = 296 வாட். ஒரு சிறிய ரைஸ் குக்கரின் வெப்பம், கட்டைவிரல் பருமனான ஓர் இணைப்பில்! படகில் தீப்பிடிக்க இது போதும். மோட்டார் முழுவதும் நின்றுவிட்டால் மின்னோட்டம் இன்னும் எகிறும். சர்க்கிட் பிரேக்கர் விழும். விழுகிறதே என்று அதைவிடப் பெரிய பிரேக்கரை மாட்டுவது மடத்தனம். அது காப்பது மோட்டாரை மட்டுமன்று, கம்பியையும்தான்.

மின்கலனைத் துண்டித்துவிட்டு அந்த இணைப்பைக் கழற்றினால், வளையமுனைக்குள் செம்பு இழைகள் கறுத்தும் பச்சை பூத்தும் இருக்கும். உப்புநீர் இழைகளுக்கு நடுவே ஊறி ஏறி, செம்பை ஆக்சைடாகவும் உப்புகளாகவும் மாற்றியிருக்கிறது. அவை மின்சாரத்தைச் சரியாகக் கடத்துவதில்லை. மேலே தேய்த்துச் சுத்தம் செய்தால் போதாது. பளபளப்பான செம்பு தெரியும்வரை கம்பியை வெட்டி, புதிய வளையமுனையை அதற்குரிய கருவியால் நசுக்கிப் பொருத்தி, பசையுள்ள சுருங்குகுழாயால் மூட வேண்டும். புதிதாகக் கம்பி வாங்குவதாக இருந்தால் ஒவ்வோர் இழையிலும் வெள்ளீயம் பூசிய கப்பல் கம்பியே நல்லது, விலை கூடுதல்தான்.

வேலை முடிந்ததும் அதே பாரத்தில் அதே அளவீட்டை மீண்டும் எடுக்க வேண்டும். அந்த இணைப்பில் இப்போது ஒரு வோல்ட்டின் நூற்றில் சில பங்கே நிற்கும். மோட்டாரின் முனைகளில் 11 வோல்ட் கிடைக்கும்.