டென்மாவின் கோபம்

உத்தனப்பள்ளி

அன்புள்ள கண்ணு,

‘ஆஸ்ட்ரோ பாய்’ முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு நீ ஹாஸ்டலிலிருந்து அனுப்பியதை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது படித்தேன். படம் கருப்பு வெள்ளை, ஆட்கள் வெட்டி வெட்டி அசைகிறார்கள், சண்டை குறைச்சல், சோகம் ஜாஸ்தி, ஆனாலும் பாதியில் நிறுத்த மனசு வரவில்லை என்று எழுதியிருந்தாய். பாலிடெக்னிக்கில் மெக்கட்ரானிக்ஸ் படித்து ரோபோ செய்யப் போகிறவள் நீ. அதனால் உனக்குப் பிடித்ததா இல்லையா என்பதோடு விட்டுவிடாமல், அந்த எபிசோடைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் அந்த வெட்டி அசைவு. நீ சொன்னது சரிதான், அது குறைதான். 1963 ஜனவரி 1-ம் தேதி ஜப்பானின் ஃபியூஜி டிவியில் இது ஒளிபரப்பானபோது, வாரம் ஒன்று வீதம் அரை மணி நேரத் தொடராக அங்கேயே தயாரித்த கார்ட்டூன் அதற்குமுன் வந்ததில்லை. சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 பிரேம் ஓடும். அதற்கு ஈடாகப் படம் வரைந்தால் வாரம் ஒரு எபிசோடு என்பது நடக்காத காரியம். அதனால் ஆஸ்ட்ரோவை உருவாக்கிய ஒசாமு டெசுகாவும் அவருடைய ‘முஷி புரொடக்‌ஷன்’ ஆட்களும் ஒரே படத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்தினார்கள். முகத்தை அசையாமல் வைத்துவிட்டு வாயை மட்டும் அசைத்தார்கள். ஆஸ்ட்ரோ பறக்கிற படத்தை ஒரு தடவை வரைந்து பத்திரமாக எடுத்துவைத்து, வேறு எபிசோடுகளிலும் பயன்படுத்திக்கொண்டார்கள். அப்படித்தான் 1966 டிசம்பர் 31 வரை 193 எபிசோடு வந்தன. செலவுக்கு மெய்ஜி என்ற மிட்டாய்க் கம்பெனி விளம்பரம் கொடுத்தது. ஆஸ்ட்ரோ ஸ்டிக்கருக்காகவே பிள்ளைகள் அந்தக் கம்பெனியின் சாக்லேட்டை வாங்கினார்கள்.

அசைவு குறைந்த இடத்தில் வேறு எது வேலை செய்கிறது என்று கவனி. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்டுப் பார். ஆஸ்ட்ரோ நடக்கும்போது ‘கீச் கீச்’ என்று ஒரு சத்தம் வரும். மட்சுவோ ஓனோ என்ற ஒலிக் கலைஞர் டேப்பை வைத்து உருவாக்கிய சத்தங்களில் அதுவும் ஒன்று. படம் நின்றிருந்தாலும் அந்தப் பையன் நடந்து வருவதாகவே நமக்குப் படும். கையில் காசும் நேரமும் இல்லாதவன் எங்கே விட்டுக்கொடுத்தான், எங்கே விடாப்பிடியாக நின்றான் என்று பார்ப்பது பொறியியல் படிக்கப்போகிறவளுக்கு நல்ல பயிற்சி. 1980-ல் கலரிலும் 2003-ல் இன்னொரு தடவையும் இதே கதையைத் தொடராக எடுத்தார்கள். அவை பார்க்க அழகு. ஆனால் கருப்பு வெள்ளையை முதலில் பார்த்ததுதான் சரி என்பேன்.

இனி கதை. டென்மா பெரிய விஞ்ஞானி, அறிவியல் அமைச்சகத்தின் தலைவர். அவர் மகன் டோபியோ, வண்டியில் போகும்போது லாரி மோதிச் சாகிறான். சூளகிரி ரோட்டில் லாரிகளைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்றைய ஜப்பானிலும் அந்தப் பயம் வீட்டுக்கு வீடு இருந்தது. கார் பெருகப் பெருகச் சாவும் பெருகி, 1970-ல் மட்டும் சாலை விபத்துகளில் 16,765 பேர் செத்தார்கள். எதிர்கால உலகத்தைக் காட்டப் புறப்பட்ட கதை, தொடக்கத்திலேயே ஒரு பிள்ளையை ரோட்டில் பலி கொடுத்துவிட்டுத்தான் நகர்கிறது. டெசுகா மருத்துவம் படித்தவர். 1945-ல் ஒசாகாமீது அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டபோது, மாணவனாக ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தவர். தொழில்நுட்பத்தை அவர் கைதட்டி மட்டும் வரவேற்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மகனை இழந்த டென்மா, அமைச்சகத்தின் ஆளையும் கருவியையும் போட்டு அவனைப் போலவே ஒரு ரோபோவைச் செய்கிறார். அவன்தான் ஆஸ்ட்ரோ. லட்சம் குதிரைத்திறன். பறப்பான். மனிதனைப் போல வருத்தப்படவும் தெரியும். டென்மாவுக்குக் கொஞ்ச காலம் சந்தோஷம். அப்புறம் ஒரு விஷயம் உறைக்கிறது: இந்தப் பையன் வளரவே மாட்டான். உயரம் அப்படியே நிற்கிறது. அவருக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதுதான் இந்த எபிசோடின் நடுப்புள்ளி. வளராதபடி செய்தது யார்? அவர்தான். திட்டு வாங்குவது யார்? பையன். கடைசியில் அவனை ஹாம்எக் என்பவனின் ரோபோ சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார்.

‘அப்பாவா இப்படிச் செய்வார்?’ என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். நீ பாதியில் நிறுத்தாததற்கு இந்தக் கேள்விதான் காரணம் என்பது என் எண்ணம். தான் நினைத்த மாதிரி பிள்ளை வரவில்லை என்று கோபப்படுகிற அப்பாக்களை நாம் பார்த்திருக்கிறோம். மார்க் குறைந்தால், வரன் ஒத்துவராவிட்டால், பெண் வேலைக்குப் போவேன் என்று நின்றால், வீட்டில் கிளம்புகிற கோபத்துக்கும் டென்மாவின் கோபத்துக்கும் பெரிய தூரம் கிடையாது. குழந்தைகளுக்கான கார்ட்டூன் என்று பெயர் வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பயத்தை இந்த எபிசோடு மூடி மறைக்காமல் காட்டுகிறது. பெரியவர்கள் பக்கம் தப்பு இருக்கிறது என்றும் சொல்கிறது. 1963-ல் அதைச் சொல்லத் தைரியம் வேண்டும்.

நமக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2010-ல் வந்த ‘எந்திரன்’ படத்தில் வசீகரன் என்ற விஞ்ஞானி, ராணுவ அதிகாரிகள் முன்னால் சிட்டி சொதப்பியதும் தான் செய்த அந்த ரோபோவைத் தானே வெட்டிப் போடுகிறார். சிட்டி குப்பைமேட்டில் கிடக்கும். அங்கேயும் கோபம் செய்தவனுக்கு, அடி செய்யப்பட்டதற்கு. அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர்களில் ஒருவரான சுஜாதா, நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். அவருடைய ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற ரோபோ நாய் வரும். ஹாஸ்டல் லைப்ரரியில் இருந்தால் எடுத்துப் படி. ஆனால் ஆஸ்ட்ரோவுக்கும் சிட்டிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. குப்பையிலிருந்து எழுந்து வருகிற சிட்டி ஊரையே அழிக்கக் கிளம்புகிறது. ஆஸ்ட்ரோ, சர்க்கஸ் தீப்பிடித்து எரியும்போது உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றப் பாய்கிறான். அழிப்பதைத் திரையில் காட்டுவது சுலபம், பார்க்கவும் பரபரப்பாக இருக்கும். விற்கப்பட்ட பிள்ளை காப்பாற்றுவதை நம்பும்படி காட்டுவதுதான் கஷ்டம். அந்த வகையில் முதல் எபிசோடு எந்திரனைவிட ஒரு படி மேல் என்பது என் தீர்ப்பு.

‘நிஜ ரோபோ இப்படி இருக்காதே மாமா’ என்றும் கேட்டிருந்தாய். இருக்காதுதான். ஆஸ்ட்ரோ திரைக்கு வருவதற்கு ஒன்றரை இரண்டு வருடம் முன்னால், 1961-ல், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் ‘யூனிமேட்’ என்ற இயந்திரம் வேலைக்கு வந்தது. அதற்கு முகம் கிடையாது, வெறும் கைதான். அச்சில் வார்த்த சூடான உலோகத் துண்டை எடுத்து வைக்கும். மனிதன் செய்தால் கை வேகும் வேலை. 1969-ல் கவாசாகி அதை ஜப்பானிலேயே தயாரிக்க ஆரம்பித்தது. ஓசூர் ஆலைகளில் இன்று வெல்டிங் அடிக்கிற கைகள் எல்லாம் அந்த வம்சம்தான். போச்சம்பள்ளியில் எழுந்த ஸ்கூட்டர் ஆலையிலும் ரோபோக்களைப் பற்றித்தான் பெரிதாகப் பேசினார்கள். அதே ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-ல் அறிவித்ததை நீ பேப்பரில் வெட்டி ஒட்டிவைத்திருக்கிறாய், தெரியும்.

என் கையில் தினமும் இருப்பதைச் சொல்கிறேன். ரோபோவுக்கு அசைவு சொல்லிக்கொடுக்க ‘டீச் பெண்டன்ட்’ என்று ஒரு பெட்டி உண்டு. அதன் பின்பக்கம் விரல் படுகிற இடத்தில் ஒரு சுவிட்ச். அளவாக அழுத்திப் பிடித்தால்தான் ரோபோ நகரும். விட்டுவிட்டால் நின்றுவிடும். பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நின்றுவிடும். ஆபத்து வரும்போது சிலர் கையை விடுவார்கள், சிலர் இறுக்குவார்கள். இரண்டையும் யோசித்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் வேகமும் வினாடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ரிப்பேருக்காகக் கூண்டுக்குள் போகிறவர், மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் போனால் நாலு பூட்டு. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை கரண்ட் வராது.

அந்த இயந்திரத்துக்கு இரக்கம் தெரியாது. அதனால் இரக்கம் தெரிந்தவர்கள் எல்லாப் பொறுப்பையும் தங்கள் பக்கம் எடுத்துக்கொண்டு இதையெல்லாம் எழுதிவைத்தார்கள். டென்மாவிடம் இல்லாதது இதுதான். லட்சம் குதிரைத்திறனைக் கணக்குப் போட்ட மனுஷன், நாளைக்கு இவன் வளராமல் நின்றால் நான் என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுதிவைக்கவில்லை. பேராசிரியர் ஓச்சானோமிசு, அதுதான் அந்தப் பெரிய மூக்குக்காரர், பையனைச் சர்க்கஸில் பார்த்ததும் இவன் வேறு மாதிரி என்று உணர்கிறார். அவனை அங்கிருந்து மீட்டுத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறார். ஆஸ்ட்ரோவைச் செய்தது அவர் இல்லை. ஆனாலும் தொடர் முழுக்க அப்பா ஸ்தானத்தில் நிற்பவர் அவர்தான்.

நம் ஊர்ச் சாலையில் விடிகாலையில் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளிப் பெட்டி ஏற்றிய வண்டியும், வேலைக்குப் போகும் பெண்களோடு கம்பெனி பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதை நீ பார்த்திருக்கிறாய். அந்த பஸ்ஸில் போகிற அக்காக்களுக்குப் பக்கத்தில்தான் நீ செய்யப்போகிற ரோபோ நிற்கும். ரோபோ கிளப்பில் நோட்டுப் போடும்போது, அது என்னென்ன செய்யும் என்று ஒரு பக்கம் எழுது. அது தவறினால் யார் பதில் சொல்வது, பழையதானால் அதை என்ன செய்வது, அதனால் ஒருவருக்கு வேலை போனால் அவருக்கு என்ன வழி என்று எதிர்ப்பக்கம் எழுது. எதிர்ப்பக்கம் நிறைந்த பிறகு மோட்டார் வாங்கக் காசு கேள், நான் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்போன் தருவார்கள் அல்லவா, முதல் எபிசோடை இன்னொரு தடவை பார். டென்மா பையனை விற்க முடிவெடுக்கும் இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தில் நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்கு எழுது. அதைப் படித்த பிறகு இரண்டாவது எபிசோடைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
மாமா