வெல்வார் யாவர்? - கண்டிப் போர்கள் பற்றிய ஓர் ஆய்வு

வீரர் இருவரை எதிரெதிரே நிறுத்தி, அவருள் வெல்வார் யாவர் என வழக்காடுதல் மாணாக்கர் கூடுமிடந்தோறும் நிகழ்வதாகும். விடுதி முற்றத்தில் இவ்வழக்கு எழுந்துவிட்டால் அன்றைய இராப்பாடம் கெட்டது என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். உரோமாபுரி வாள்வீரனும் யப்பானியச் சாமுராயும் பொருதால் என்னாகும், சோழரின் யானைப்படையை அலெக்சாந்தரின் ஈட்டிப்படை தாங்குமா என்பன போன்ற வினாக்களுக்கு எல்லை இல்லை. இக்காலத்தில் வழக்கைத் தீர்க்க இயந்திரமும் வந்துவிட்டது. 2009ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'டெட்லியெஸ்ட் வாரியர்' என்னும் நிகழ்ச்சி தொடங்கிற்று. படைக்கலங்களின் வெட்டையும் குத்தையும் கருவிகளால் அளந்து, அவ்வளவுகளைக் கணினியிலிட்டு, ஆயிரம் முறை போர் செய்வித்து, மிகுதியாக வென்றவனே வல்லவன் என அங்குத் தீர்ப்புக் கூறினர்.

இவ்விளையாட்டை இகழ்தல் எம் நோக்கமன்று. 1824ஆம் ஆண்டில் பிரஷியப் படையதிகாரி ரைஸ்விட்ஸ் என்பார் நிலப்படத்தின்மீது படைகளை நகர்த்தி, பகடை உருட்டி, நடுவர் ஒருவர் தீர்ப்புக் கூறும் போர்விளையாட்டொன்றை அமைத்தார். பிரஷியச் சேனாபதிகளும் அதனைப் பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டனர். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பாரத நாட்டார் யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் பலகையில் ஏற்றிச் சதுரங்கம் கண்டனர். ஆயினும் சதுரங்கப் பலகையின் அறுபத்துநான்கு கட்டங்களும் ஒரே அளவின. ஒரு கட்டத்தில் மலையில்லை, மற்றொன்றில் மழையில்லை. கணினியிற் பொருத வீரரும் அத்தகையதொரு பலகையிலேயே நின்றனர் என்பதே எம் குறை.

கண்டியிற் கற்றோர்க்கும் கற்பிப்போர்க்கும் இவ்வினாவைக் கற்பனையிலன்றிக் கண்முன்னுள்ள மண்ணில் வைத்துச் சோதிக்கும் வாய்ப்பு உண்டு. 1594 முதல் 1818 வரை இரு நூற்றாண்டுக்கு மேலாகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்னும் மூவகை ஐரோப்பியரின் படைக்கலங்களும் இம்மலைகளிலே பரீட்சிக்கப்பட்டன. அப்பரீட்சையின் விடைத்தாள்கள் நம்மிடம் உள்ளன.

முதலில் விளையாட்டை அதன் விதிப்படியே ஆடிப் பார்ப்போம். ஆண்டு 1638. இடம், மரமும் மேடுமற்ற ஒரு திறந்த திடல். ஒருபுறம் போர்த்துக்கேயப் போர்வீரன். தலையில் இரும்புச் சீரா, மார்பிற் கவசம், இடையில் நேரான நெடுவாள், கையில் திரித்துவக்கு. இத்துவக்கில் வெடிமருந்தும் ஈயக்குண்டும் இட்டுக் கெட்டித்து, எரிகின்ற திரியைப் பொருத்தி ஒருமுறை சுடுவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் செல்லும். மறுபுறம் கண்டி நாட்டான். அவன் பெரும்பாலும் உழவன். அரசகாரியமாகப் படைக்கு வந்தவன். உடம்பிற் கவசமில்லை. ஈட்டி அல்லது வில், குறுவாள், சிலரிடத்துக் கேடயம், சிலரிடத்துத் துவக்கு.

கண்டியர் துவக்கறியாதவர் என்று எண்ணுவார் இன்றும் உளர். அவ்வெண்ணம் முற்றும் தவறானது. போர்த்துக்கேயர் இவ்வீவில் 1505ஆம் ஆண்டளவில் வந்திறங்கினர். நூறாண்டு நிறையுமுன்னரே இலங்கைக் கொல்லர் செய்த துவக்குகளை ஐரோப்பியரே வியந்து எழுதலாயினர். அடிக்கட்டை இரண்டாகப் பிளந்த வடிவும், சுடும்பொறி பெரும்பாலும் இடப்பக்கத்தில் அமைந்திருத்தலும் அவற்றின் தனியடையாளங்களாம். மரக்கால்களின்மீது நிற்கும் கொடித்துவக்கு என்னும் சிறு பீரங்கியும் கண்டியரிடம் இருந்தது. பிற்காலத்து ஆங்கிலேயர் அதன் கால்களைக் கண்டு வெட்டுக்கிளி எனப் பெயரிட்டனர். ஒருவனோ இருவரோ தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பீரங்கி அது. இவ்வொரு தன்மையின் பயனைப் பின்னர்க் காண்போம்.

முப்பது அடி இடைவெளியில், வெயிலில், சமநிலத்தில், இவ்விருவரும் தனித்துப் பொருதால் வெல்வார் யாவர்? பத்துக்கு ஏழுமுறை போர்த்துக்கேயனே வெல்வான் என்பது எம் தீர்ப்பு. கவசம் ஒன்றே அதற்குப் போதும். அங்கம்பொர என்னும் சிங்கள மற்கலையில் வல்லான் ஒருவன் வாய்த்தால் எண்ணிக்கை சற்று மாறலாம். ஆயின் படையின் பெரும்பகுதி மல்லரல்லர், வயலிலிருந்து வந்தோரே.

இத்தீர்ப்பு 1638 மார்ச்சு 28ஆம் நாள் கன்னொறுவையிற் பொய்த்தது. கப்தான் ஜெனரல் தியோகோ டி மெலோ டி காஸ்ட்ரோ, ஆயிரத்துக்குக் குறைந்த போர்த்துக்கேயரோடும், லஸ்கரீன்கள் எனப்பட்ட பல்லாயிரம் உள்நாட்டுப் படையினரோடும் மலையேறி வந்து செங்கடகல நகரினுட் புகுந்தான். நகரிலே எவருமில்லை. அரசன் இரண்டாம் இராசசிங்கன் அதனை முன்னரே வெறுமையாக்கியிருந்தான். வெறுநகரை எரித்துவிட்டுத் திரும்பிய படை, இன்று பேராதனைப் பூந்தோட்டத்துக்கு எதிர்க்கரையில் விளங்கும் கன்னொறுவையை அடைந்தபோது, வழியெங்கும் மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டிருக்கக் கண்டது. முன்னே செல்ல வழியில்லை. பின்னே திரும்பவும் வழியில்லை. லஸ்கரீன்களிற் பலர் அரசன் பக்கம் சேர்ந்தனர். அரசன் மரநிழலொன்றில் அமர்ந்து போரை நடத்தினான் என்பர். டி மெலோ அங்கேயே மடிந்தான். உயிரோடு பிடிபட்ட போர்த்துக்கேயர் முப்பத்துமூவரே எனக் குறிப்புக்கள் கூறும்.

போர்த்துக்கேயனின் கவசம் அன்று மெல்லியதாகிவிட்டதா? வாள் மழுங்கிற்றா? ஒன்றுமில்லை. திடலை மாற்றினோம், விடையும் மாறிற்று. திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்ததன் நுட்பம் ஈண்டு விளங்கும். கணினி நடத்தும் போரில் முதலதிகாரம் மட்டுமே உண்டு. புறப்பொருள் நூலாரும் இருபடையும் களங்குறித்து நின்று பொருவதைத் தும்பை என்றும், மதிலை வளைப்பதை உழிஞை என்றும், அம்மதிலைக் காப்பதை நொச்சி என்றும் வேறுபிரித்தனர். வெல்வார் யாவர் என வினவுவோர் எல்லாப் போரையும் தும்பையாகவே கொள்கின்றனர். கண்டியரின் போரோ நொச்சிப் பாற்பட்டது. மலையே மதில், மகாவலி கங்கையே அகழி.

காலத்தின் தொழிலைக் காண விழைவோர் ஊவாவை நோக்குக. 1630 ஆகஸ்டில் கொன்ஸ்தந்தீனு டி சா வெல்லவாயாவை அடுத்த ரந்தெனிவெலவில் இறந்துபட்டான். அவன் படையிலிருந்த உள்நாட்டு முதலியார்கள் தம் படையோடு கண்டியர் பக்கம் சென்றது ஒரு காரணம். பெய்த மழை மற்றொன்று. திரித்துவக்கின் உயிர் எரிகின்ற கயிற்றிலே உள்ளது. மழை பெய்தால் திரி அவியும், மருந்து நமுக்கும், துவக்கு வெறுந்தடியாகும். வில்லின் நாணும் நனைந்தால் தளருமென்பது உண்மை. ஈட்டிக்கோ மழையென்றும் வெயிலென்றும் இல்லை.

கண்டியர் எவ்வாறு பொருதனர் என்பதை 1660 முதல் 1679 வரை இந்நாட்டிற் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலிலே விரித்துரைத்துள்ளார். பாறைக்கும் மரத்துக்கும் இடையே துவக்கை நிறுத்திப் பதுங்கியிருப்பர். பகைவன் அறியுமுன் சுடுவர். அவன் முள்ளையும் கல்லையும் கடந்து ஏறிவருமுன் துவக்கைத் தோளிற் சுமந்து காட்டினுள் மறைவர். பின்னர் வேறோரிடத்தில் அதுவே நிகழும். தூக்கி ஓடத்தக்க சிறு பீரங்கியின் அருமை இங்கேதான் உள்ளது. போகம்பறைத் திடலில் நிறுத்தினால் அது எள்ளத்தக்க கருவி. பலனைக் கணவாயில் அதனினும் பெரும் பீரங்கிக்கு வேலையில்லை.

இவ்வளவும் கூறியபின், கண்டியரே எஞ்ஞான்றும் வெல்வர் என முடிப்பதும் நேர்மையாகாது. படைக்கு வந்த உழவன் பதினைந்து நாளைக்கு வேண்டிய அரிசியையும், சமைக்க ஒரு சிறு சட்டியையும், மழைக்கும் பனிக்கும் கூடாரமாகும் தாளிப்பனை ஓலையையும் தானே சுமந்து வந்தான். அரிசி முடிந்தால் அவன் வீடு திரும்புவான், வேறொருவன் வருவான். இப்படை மலையைக் காக்க வல்லது. கரையோரத்துக் கோட்டையொன்றைத் திங்கட்கணக்காக முற்றுகையிட வல்லதன்று. ஒல்லாந்தர் கதை இதற்குச் சான்று. 1765இல் தேசாதிபதி வான் எக் கண்டியைப் பிடித்தான். மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அங்குராங்கெத்தைப் பக்கம் விலகிச் சென்றான். சில திங்களிற் பசியும் நோயும் ஒல்லாந்தரை மலையினின்று இறக்கின. எனினும் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையிற் கடற்கரை முழுவதையும் கையளித்தவன் கண்டி மன்னனே. மலையில் வென்றவன் மேசையில் தோற்றான்.

1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வந்தனர். இப்போது திரியில்லை, சக்கிமுக்கிக்கல் பொருத்திய துவக்கு. பயின்ற கைகள் நிமிடத்துக்கு மும்முறை சுடும். பெப்ரவரியில் நகரினுட் புகுந்தபோது அவர்களும் வெறுநகரையே கண்டனர். முத்துசாமி என்பானை அரியணையில் ஏற்றிவிட்டு, மேஜர் டேவியின்கீழ்க் காவற்படையொன்றை நிறுத்திச் சென்றனர். அதன்பின் துவக்குகளுக்கு வேலை குறைந்தது, காய்ச்சலே பொருதது. ஜூன் மாதத்தில் ஐரோப்பியருட் பெரும்பாலார் மாண்டும் படுக்கையிலும் கிடந்தனர். 24ஆம் நாள் கண்டியர் தாக்கினர். சரணடைந்து வெளியேறிய படை வட்டபுலுவையில் பெருக்கெடுத்தோடிய மகாவலியைக் கடக்க இயலாது நின்றது. அங்கே முத்துசாமியும் படைவீரரும் கொல்லப்பட்டனர். தெப்பமொன்று இல்லாத படைக்கு எத்துணைச் சிறந்த துவக்கும் யாது பயன்?

அடுத்த ஆண்டே கப்தான் ஆர்தர் ஜோன்ஸ்டன் ஏறத்தாழ முந்நூறு பேரோடு மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கு வந்தார். வேறு படைகளும் வந்து சேருமென எண்ணியிருந்தார், எவரும் வரவில்லை. அவரோ டேவியைப் போல் அங்குத் தங்கவில்லை. காடுவழியே பொருதுகொண்டு திருகோணமலையை அடைந்தார். அதே துவக்கு, அதே காடு, அதே பகைவர். வேறுபட்டது தங்கிய நாட்களின் எண்ணிக்கை. 1810இல் அவர் வெளியிட்ட குறிப்பை நம் உயர்வகுப்பு மாணவர் படித்தல் வேண்டும் என்பது எம் விருப்பம்.

ஆட்டத்தின் விதிகளிற் பெரும்பாலும் இடம்பெறாத பொருள் இன்னொன்றுண்டு. எதிரெதிரே நின்றவர் யாவர் என்பதே அது. 1594இல் தந்துறையில் லோப்பஸ் டி சூசா அழிந்ததற்கு முதற்காரணம், தன் பக்கத்திருந்த ஜயவீர பண்டாரன்மீது ஐயுற்று அவனைக் கொல்வித்ததாகும். அதன்பின் லஸ்கரீன்கள் கூட்டங்கூட்டமாக அகன்றனர். 1803இல் இருபக்கத்தும் மலாய் வீரர் நின்றனர். ஆங்கிலேயர் பக்கத்துக் கப்தான் நூர்தீன், மன்னன் தன் பணியில் அமர்த்த அழைத்தபோதும் மறுத்து உயிர் துறந்தார். கண்டியின் கடைசி அரசர் நால்வரும் மதுரை நாயக்கர் உறவினராய்த் தமிழ் பேசினோர். அவர்தம் படையாட்கள் பெரும்பாலும் சிங்கள உழவர். இவ்வரலாற்றை வைத்துக்கொண்டு எம்மினம் வீரமுடைத்து, உம்மினம் கோழை என வழக்காடும் இளைஞரைக் காணுந்தோறும் எமக்கு வருத்தமே மிகுகின்றது. எவ்வினத்தை எவ்வினத்தோடு நிறுத்தப் போகின்றனர்? கன்னொறுவைக் களத்தில் இருபக்கத்தும் பெரும்பான்மையோர் இந்நாட்டவரே.

படைக்கலங்களை நூதனசாலையிற் பார்த்து மதிப்பிடுவாருக்கும் ஓர் எச்சரிக்கை. கண்டி அரண்மனையில் 1765இற் கொள்ளையிடப்பட்டனவற்றோடு தொடர்புறுத்திக் கூறப்படும் லேவுக்கே திசாவையின் பீரங்கியையும், கஸ்தானே வாள்கள் இரண்டையும், கத்தியொன்றையும், துவக்குகள் இரண்டையும் நெதர்லாந்து 2023இல் இலங்கைக்கு மீளக் கையளித்தது. கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் சிங்கமுகப் பிடியும் வளைந்த குறு அலகுமுடைய கஸ்தானே, பிற்காலத்தில் பெரும்பாலும் பதவிச் சின்னமாகவே அணியப்பட்டது; நம் தேசியக் கொடியின் சிங்கம் ஏந்தியிருப்பதும் அதுவே. அழகியன பேணப்பட்டன. மரத்தை வீழ்த்திய கோடரி எக்கண்ணாடிப் பேழையிலும் இல்லை. கன்னொறுவையில் எப்படைக்கலம் வென்றது என யாரேனும் வினவினால் யாம் அக்கோடரியையே சுட்டுவோம்.

நம் கல்லூரிகளின் வரலாற்று மன்றத்தார் இவ்விளையாட்டை முறையாக நடத்திப் பார்க்கலாம். ஜோன்ஸ்டன் சென்ற வழியை நிலப்படத்தில் விரித்து, ஒரு குழுவுக்கு முந்நூறு வீரரையும் மற்றொரு குழுவுக்குப் பதினைந்து நாள் அரிசியையும் கொடுக்க. மழைக்கு ஒரு பகடை, காய்ச்சலுக்கு ஒரு பகடை. நகரைப் பிடித்தவனே வென்றான் என்னும் விதியை மட்டும் சேர்த்தல் ஆகாது. அவ்விதிப்படி 1638, 1765, 1803 ஆகிய மூன்றிலும் அந்நியனே வென்றவனாவான்.

1815இல் கண்டி வீழ்ந்தது பெரும்போரால் அன்று. பிரதானிகள் மன்னனை வெறுத்திருந்தனர். ஆங்கிலேயரின் உளவும் பேச்சும் அவ்வெறுப்பை வளர்த்தன. மார்ச்சு 2ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே மறைந்தான். 1817-18 ஊவாக் கிளர்ச்சியில் மலைப்போர் மீண்டும் மூண்டது. இம்முறை ஆங்கிலேயர் வீரரைத் தேடுவதைவிட வயலையும் வீட்டையும் எரிப்பதிலேயே முனைந்தனர். உழவன் சுமந்து வந்த அந்தப் பதினைந்து நாள் அரிசி விளையுமிடம் அதுவன்றோ.

பின்னர் மலையையே மாற்றத் தொடங்கினர். மலையைத் துளைத்து வருவோர்க்கே கண்டி வசப்படும் என்றொரு வாய்மொழி மக்களிடையே வழங்கிற்று. கொழும்பு - கண்டி வீதி 1820களில் அமைக்கப்பட்டபோது கடுகண்ணாவையிற் பாறை குடையப்பட்டது. அதன்பின் பீரங்கியும் அரிசிமூடையும் மருந்தும் வண்டியிலேறி மலைக்கு வந்தன. கண்டியில் நிறுத்திய காவற்படை பசியாலோ தனிமையாலோ அழியவில்லை. வீதியமைப்பை நடத்திய கப்தான் டோசன் 1829இல் இறந்தார். 1832இல் அவர் நினைவாக எழுப்பிய கோபுரம், கண்டிக்கு வருவோர் கண்ணுக்குப் புலப்படும்படி கடுகண்ணாவை உச்சியில் இன்றும் நிற்கின்றது.