முதலில் உங்கள் வார்டைக் கண்டுபிடியுங்கள்

இரவு இரண்டு மணி. ஐசியுவில் ஒரு வென்டிலேட்டர் அலறுகிறது. ஹை பிரஷர் அலாரம். ஒரு சிஸ்டர் ஓடிவந்து சத்தத்தை நிறுத்திவிட்டு டியூட்டி டாக்டருக்குப் போன் போடுகிறார். அதற்குள் அடுத்த பெட்டிலிருந்து இன்னொரு சிஸ்டர் வருகிறார். அவர் மெஷினைப் பார்க்கவில்லை, நோயாளியின் நெஞ்சைப் பார்க்கிறார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்குகிறதா? ஹேண்ட் ஓவரில் குழாய் உதட்டருகே 22 சென்டிமீட்டர் என்று சொன்னார்களே, இப்போதும் 22தானா? நோயாளி குழாயைக் கடிக்கிறாரா? சர்க்யூட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? சக்‌ஷன் போட்டார். கெட்டிச் சளி ஒரு உருண்டை வந்தது. அலாரம் அடங்கியது.

போன் போட்ட சிஸ்டர் நான். ஐசியுவுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இரண்டாமவர் கிரிட்டிகல் கேர் நர்சிங்கில் போஸ்ட் பேசிக் டிப்ளமோ முடித்தவர். மறுநாள் காலை டீ குடிக்கும்போது ஒரு மருந்துச் சீட்டின் பின்புறம் குழாய், மூச்சுக்கிளை, நுரையீரல் மூன்றையும் வரைந்து, அழுத்தம் எங்கெங்கே கூடலாம் என்று காட்டினார். அலாரம் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கும் பாதி தெரியும். ஏன் அடிக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதனால், 'சிறப்புப் படிப்பு படிக்கலாமா அக்கா?' என்று இளம் நர்ஸ்கள் கேட்கும்போது படியுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எப்போது, எதை, எங்கே என்ற மூன்றில் ஒன்று தவறினாலும் ஒரு வருடமும் கைப்பணமும் போய்விடும். அப்படி இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

படிப்பு முடிந்த கையோடு சேர வேண்டாம். இந்திய நர்சிங் கவுன்சிலின் போஸ்ட் பேசிக் டிப்ளமோவுக்குக் குறைந்தது ஒரு வருட வார்டு அனுபவம் கேட்கிறார்கள். என் கணக்கில் இரண்டு வருடம் தேவை. நிஜமாகவே நோயாளி மூச்சுத் திணறுவதைப் பார்க்காதவருக்கு மூச்சுத் திணறல் பாடம் மனதில் நிற்காது. உங்கள் வார்டு எது என்று தெரியவும் அவ்வளவு நாள் ஆகும். டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது எந்த நோயாளி நினைவுக்கு வருகிறார் என்று கவனியுங்கள். கீமோ ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்ட அம்மாவா, வார்மருக்குள் கிடந்த 900 கிராம் குழந்தையா, தியேட்டரில் எண்ணிக்கை சரியாக வந்த கடைசி மாப்பா? திரும்பத் திரும்ப வரும் முகம் எந்தத் துறையைச் சேர்ந்ததோ அதுவே உங்கள் துறை. தோழி கார்டியாக் எடுத்தாள், நானும் எடுத்தேன் என்று போனவர்கள் பாதியில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

சான்றிதழ் என்ற ஒரே சொல்லில் பல வகைக் காகிதங்கள் நடமாடுகின்றன. பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் இரண்டும் இதயம் நின்றால் என்ன செய்வது என்று கற்றுத்தருபவை. அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டை இரண்டு வருடம் செல்லும். இது சிறப்புப் படிப்பு அல்ல, எல்லா நர்ஸுக்கும் தேவையான அடிப்படை. பொம்மை மேல் கை வைத்து அழுத்தாமல், வீடியோ பார்த்தே வாங்கிய அட்டைக்குப் பெரிய மருத்துவமனைகளில் மதிப்பில்லை. அடுத்தது ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ. கிரிட்டிகல் கேர், எமர்ஜென்சி, ஆங்காலஜி, பச்சிளங் குழந்தை, சிறுநீரகம், ஆபரேஷன் தியேட்டர், மனநலம், முதியோர் என்று பல துறைகளில் இருக்கிறது. அதற்கு மேலே நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர். இரண்டு வருட முதுநிலைப் படிப்பு, பிஎஸ்சி நர்சிங் முடித்தவர்களுக்கு மட்டும். இவை தவிர, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தரும் பளபளப்புக் காகிதங்கள் உண்டு. அவற்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள், பணம் கொட்டாதீர்கள்.

சேரும் முன் இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் அந்தக் கல்லூரியும் அந்தக் குறிப்பிட்ட படிப்பும் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். கல்லூரி பட்டியலில் இருக்கும், நீங்கள் சேரப்போகும் டிப்ளமோ இருக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். முடித்ததும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் அதைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யுங்கள். வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டேட்டாஃப்ளோ சரிபார்ப்பில் சான்றிதழ் கொடுத்த இடத்துக்கே கேள்வி போகும். அங்கிருந்து பதில் வராவிட்டால் அந்தப் படிப்பு கணக்கில் இல்லை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பெட்டை எண்ணுங்கள். கிரிட்டிகல் கேர் என்றால் எத்தனை வென்டிலேட்டர் ஓடுகிறது? டயாலிசிஸ் என்றால் ஒரு ஷிப்டில் எத்தனை மெஷின்? லாக் புக்கில் யார் கையெழுத்துப் போடுகிறார், பக்கத்தில் நின்று பார்த்த பிறகா, மாதக் கடைசியில் மொத்தமாகவா? வேலூர் சிஎம்சி போன்ற இடங்களுக்கு மதிப்பு வந்தது இப்படித்தான். 1946-லேயே நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிய இடம் அது. கற்பிப்பவர்களும் நோயாளிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். போஸ்ட் பேசிக் டிப்ளமோ இப்போது ரெசிடென்சி முறையில் நடப்பதால் படிக்கும்போதே டியூட்டி பார்க்க வேண்டும். அதனால் இன்னொன்றையும் கேளுங்கள். டியூட்டி பட்டியலில் உங்களை மாணவியாகப் போடுவார்களா, ஆள் குறைந்த இடத்தில் ஸ்டாஃப் நர்ஸாக நிரப்புவார்களா? உதவித்தொகை எவ்வளவு? ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருக்கும் ஒருவரை கேன்டீனில் பிடித்துக் கேட்டால் பத்து நிமிடத்தில் உண்மை வந்துவிடும்.

ஜிஎன்எம் முடித்தவர்களுக்கு என் அறிவுரை கொஞ்சம் கசக்கலாம். வயதும் வீட்டுச் சூழலும் இடம் கொடுத்தால், முதலில் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பிஎஸ்சி, அதன் பிறகு சிறப்புப் படிப்பு. பட்டம் இல்லாமல் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்குப் போக முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு. நான்கு மாநிலங்களின் மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் இறப்பு விகிதத்தைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். பட்டமும் சிறப்புச் சான்றிதழும் உள்ள நர்ஸ்களின் விகிதம் 10 சதவீதம் கூடிய இடங்களில் இறப்புக்கான வாய்ப்பு 2 சதவீதம் குறைவாக இருந்தது. பட்டம் இல்லாமல் சான்றிதழ் மட்டும் இருந்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. அது அவர்கள் நாட்டு நிலவரம், நம் ஜிஎன்எம் சிஸ்டர்களின் கைத்திறனை அதை வைத்து அளக்க முடியாது. வெறும் பள்ளத்தில் மாடி கட்ட முடியாது என்பதை மட்டும் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இனி சம்பளம். டிப்ளமோ முடித்ததும் தானாகச் சம்பளம் கூடும் என்று நம்பிச் சேராதீர்கள். பல தனியார் மருத்துவமனைகளில் முடித்தவருக்கும் முடிக்காதவருக்கும் ஒரே சம்பளம். எனக்கும் அப்படித்தான் நடந்தது. படிப்பு முடித்துத் திரும்பியபோது, 'ரொம்ப சந்தோஷம் சிஸ்டர்' என்று சொல்லி ஜெனரல் வார்டில் போட்டார்கள். சேரும் முன் எழுத்தில் வாங்காதது என் தவறு. எச்ஆரிடம் போய் இந்தப் படிப்பு முடித்தால் எந்த வார்டு, எந்தப் பொறுப்பு, எவ்வளவு கூடுதல் என்று கேட்டு, பதிலை மெயிலிலாவது வாங்குங்கள். வாய்ப்பேச்சு அடுத்த நர்சிங் சூப்பிரண்டென்ட் வரும்வரைதான் செல்லும். படிப்புச் செலவை ஏற்கிறோம் என்று மருத்துவமனை சொன்னால், எத்தனை வருட பாண்ட், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்து வைக்காதீர்கள்.

அரசுப் பணியில் கணக்கு வேறு. எம்ஆர்பி தேர்வுக்கு அடிப்படைத் தகுதிதான் முக்கியம். உள்ளே போன பிறகு இடமாறுதலில் எந்த வார்டும் வரலாம். எஸ்என்சியு, விபத்து அவசர சிகிச்சைப் பிரிவு, டயாலிசிஸ் போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் முதலில் துறை நடத்தும் பயிற்சிகளுக்குப் பெயர் கொடுங்கள். சம்பளமும் போகாது, வார்டும் விட்டுப்போகாது.

வெளிநாடு என்றால் வரிசை முக்கியம். சிசிஆர்என் என்ற அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் சான்றிதழுக்கு இங்கேயே வகுப்பு நடத்துகிறார்கள். அந்தத் தேர்வு எழுத அமெரிக்க நர்ஸ் உரிமம் வேண்டும். கடைசி இரண்டு வருடத்தில் 1,750 மணி நேரம் தீவிர நோயாளிகளை நேரடியாகப் பார்த்திருக்க வேண்டும், அதில் 875 மணி நேரம் கடைசி ஒரு வருடத்துக்குள் என்பது அதன் ஒரு வழி. ஆகவே உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு முதலில், உரிமம் அடுத்து, சிசிஆர்என் அதற்கும் பிறகு. எந்த நாடானாலும் நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அனுபவச் சான்றிதழில் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். எந்த வார்டு, எத்தனை பெட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று இருக்க வேண்டும். நான்கு வருட ஐசியு அனுபவம் ஒரு வரி விடுபட்டதால் பொது அனுபவமாகிப் போன தோழி எனக்கு உண்டு.

நாற்பதைத் தாண்டியவர்கள், 'இனிமேல் எனக்கு எதற்கு?' என்கிறார்கள். நைட் டியூட்டியும் முதுகு வலியுமாக இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும் என்பேன். என்ஏபிஎச் தரச்சான்று வேண்டும் மருத்துவமனை தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் ஒருவரை நியமித்தாக வேண்டும். உறுப்பு மாற்று செய்யும் மருத்துவமனைகளுக்கு ஒருங்கிணைப்பாளர் சட்டப்படி வேண்டும், அந்த வேலைக்கு நர்ஸும் தகுதியானவர். இரண்டிலும் நோயாளியைத் தூக்கிப் புரட்டும் வேலை குறைவு. வார்டில் இருபது வருடம் கழித்தவரின் கண்தான் அங்கே தேவைப்படுகிறது. யார் கையைக் கழுவாமல் அடுத்த பெட்டுக்குப் போகிறார் என்பதை அந்தக் கண் தூரத்திலிருந்தே பிடிக்கும்.

வீட்டில் பேசும்போது ஒரு வருடச் சம்பள இழப்பு, ஹாஸ்டல் செலவு, குழந்தையை யார் பார்ப்பது என்பதை எழுதி வைத்துப் பேசுங்கள். படித்து முடித்து டியூட்டியில் சேரும் நாளன்று நர்சிங் சூப்பிரண்டென்டுக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். என்ன படித்தீர்கள், லாக் புக்கில் எந்தெந்த வேலை எத்தனை முறை செய்தீர்கள், எந்த வார்டு கேட்கிறீர்கள், அங்கே புதிதாக வரும் நர்ஸ்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் எதைச் சொல்லித்தர முடியும் என்று எழுதுங்கள். ஒரு நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.