வெளிநாட்டில் நோய் வந்தால் யார் செலவு?

கொத்து வேலை, கம்பி கட்டும் வேலை, டிரைவர் வேலை, வீட்டு வேலை. இப்படிப் பல வேலைகளுக்கு நம் மக்கள் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், தெலங்கானா, கேரளம், தமிழ்நாடு என்று எல்லா இடங்களிலிருந்தும் போகிறார்கள். "சம்பளம் எவ்வளவு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "எனக்கு நோய் வந்தால் யார் செலவு?" என்று கேட்கிறவர் குறைவு.

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியைப் போல அங்கே நினைத்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டுக்காரர் வைத்தியத்துக்குப் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும். இல்லை என்றால் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் இரண்டு வகை. ஒன்று, ஊரை விட்டுக் கிளம்பும் முன் நாம் எடுப்பது. மற்றொன்று, அங்கே முதலாளி எடுத்துத் தருவது.

கிளம்பும் முன்

பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாக 'ஈ.சி.ஆர்.' வகையாக இருக்கும். அந்த பாஸ்போர்ட்டுடன் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். சவுதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அனுமதி வாங்கும்போது 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற இன்சூரன்சையும் எடுக்க வேண்டும். இது 2003-இல் தொடங்கியது.

2017-இல் இதைத் திருத்தினார்கள். அப்போது வைத்த கட்டணம் 2 வருடத்துக்கு 275 ரூபாய், 3 வருடத்துக்கு 375 ரூபாய். வரி தனி. விபத்தில் இறந்தாலோ, நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் ரூபாய். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 1 லட்சம் வரை, ஒரு தடவைக்கு 50,000 வரை. வேலை செய்யும் கம்பெனி மாறினாலும் இது செல்லும்.

ஒன்றைக் கவனியுங்கள். 10 லட்சம் விபத்துக்குத்தான். மாரடைப்பில் இறந்தால் அந்தப் பணம் வராது. இன்னொன்று, வாரிசு பெயர். மனைவியின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பாலிசியில் ஒரு மாதிரி இருந்தால் பின்னால் அலைச்சல்தான். பாலிசியின் நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்து வெளிநாட்டுக்கே கொண்டுபோய்விட்டால் வீட்டுக்காரி எதைக் காட்டிக் கேட்பாள்?

சில புரோக்கர்கள், "விசிட் விசாவில் ஏறு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். அப்படிப் போனால் குடியேற்ற அனுமதி இல்லை. அந்த 275 ரூபாய் இன்சூரன்சும் இல்லை. வேலை விசா கிடைக்கும் வரை முதலாளியின் இன்சூரன்சும் இல்லை. சாரத்திலிருந்து விழுந்தால் கேட்க ஆள் இருக்காது. புரோக்கர் போனை எடுக்க மாட்டார்.

அங்கே போன பிறகு

அபுதாபியில் 2006 முதல் முதலாளி இன்சூரன்ஸ் எடுத்துத் தர வேண்டும். துபாயில் 2014 முதல் படிப்படியாகக் கட்டாயம் ஆனது. ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, புஜைரா ஆகிய இடங்களில் 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம். சவுதியிலும் தனியார் கம்பெனி தன் தொழிலாளிக்கு எடுத்துத் தர வேண்டும் என்று சட்டம் உண்டு.

ஷார்ஜா முதலிய இடங்களில் 2025-இல் வந்த அடிப்படைத் திட்டத்துக்கு வருடம் 320 திர்ஹாம். இதை முதலாளி கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சம்பளச் சீட்டை மாதாமாதம் படித்துப் பாருங்கள்.

ஷார்ஜாவில் ஒரு தொழிலாளர் கேம்ப். பழைய ஆளும் புது ஆளும் பேசுகிறார்கள்.

"அண்ணே, மூன்று நாளாக இடுப்பு வலி. சிறுநீர் போனால் எரிகிறது."

"கிளினிக்குக்குப் போனாயா, தம்பி?"

"200 திர்ஹாம் பில் போட்டால் ஊருக்கு எதை அனுப்புவது? தானாகச் சரியாகிவிடும்."

"கல்லாக இருந்தால் தானாகச் சரியாகும் என்று விட்டுவிடக் கூடாது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் அது வரலாம். உன் இன்சூரன்ஸ் அட்டை எங்கே?"

"ஃபோர்மேனிடம் இருக்கிறது."

"அது உன் பையில் இருக்க வேண்டியது. இல்லாவிட்டாலும் அமீரக அடையாள அட்டையைக் காட்டினால் பல கிளினிக்கில் பார்த்துக்கொள்வார்கள். வா, கணக்குப் போடுவோம். டாக்டர் பில் 200 திர்ஹாம். அதில் நூற்றுக்கு 25 உன் பங்கு. எவ்வளவு?"

"50."

"மருந்து 100 திர்ஹாம். அதில் நூற்றுக்கு 30 உன் பங்கு."

"30. மொத்தம் 80. மீதி 220-ஐ இன்சூரன்ஸ் கொடுக்குமா?"

"கொடுக்கும். டாக்டர் பில் எவ்வளவு ஏறினாலும் ஒரு தடவைக்கு உன் பங்கு 100-ஐத் தாண்டாது. அதே நோய்க்கு 7 நாளுக்குள் மறுபடி போனால் உன் பங்கு எதுவும் இல்லை. ஆனால் எல்லாக் கிளினிக்கும் இதை ஏற்காது. 'நெட்வொர்க்' என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் உள்ள கிளினிக்குக்குத்தான் போக வேண்டும்."

தொழிலாளி தரும் இந்தப் பங்குக்கு 'கோ-பே' என்று பெயர். அட்டையில் இந்தச் சொல்லையும், முடியும் தேதியையும் தேடிப் பாருங்கள். தேதி முடிந்த அட்டையைக் காட்டினால் முழுப் பணமும் கேட்பார்கள்.

மருந்துப் பை

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டர் சீட்டையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். டிரமடால் என்ற வலி மாத்திரையும், கோடீன் கலந்த இருமல் மருந்தும் அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ளவை. அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் சிறைக்கும் போக நேரும். கசகசாவும் அப்படித்தான். பாசத்தோடு அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாவில் அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.

ஆம்புலன்ஸ் கூப்பிட: அமீரகம் 998, சவுதி 997, கத்தார் 999, குவைத் 112. முதலாளி கைவிட்டால் இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். கதியற்றவருக்கு அவசர வைத்தியம் செய்யவும், ஊருக்கு அனுப்பவும் அங்கே ஒரு நல நிதி 2009 முதல் இருக்கிறது.

கணக்குப் போடுங்கள்

1. டாக்டர் பில் 320 திர்ஹாம். மருந்து 50 திர்ஹாம். தொழிலாளியின் பங்கு எவ்வளவு?

2. டாக்டர் பில் 600 திர்ஹாம். நூற்றுக்கு 25 என்றால் 150 வருகிறது. கிளினிக்கில் 150 கேட்கிறார்கள். அது சரியா? நீங்கள் என்ன சொல்வீர்கள்?

3. உங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போனவர் வீட்டில் பாலிசி நகல் இருக்கிறதா? வாரிசு பெயரைப் படித்துச் சொல்லுங்கள்.